மாமனாரின் வலது கால் சாக்ஸ்

மார்ச் 3, செவ்வாய்

குளியலறைக் குழாய் இன்று வழிக்கு வந்தது. ஒரே போடு.

இவர் காலையிலிருந்து அதன் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். கழற்றிய திருகுகளைத் துண்டில் வரிசையாக அடுக்கி, சொட்டு சொட்டாக எண்ணெய் விட்டு, கைக்குழந்தைக்கு நகம் வெட்டுகிற மாதிரி திருகிக்கொண்டிருந்தார். "கொஞ்சம் பொறு. அதுவா இளகும்." கல்யாணம் ஆனதிலிருந்து இந்தக் 'கொஞ்சம் பொறு'வைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். டீ குடிக்க எழுந்து போனார். நான் மாமனாரை எடுத்து வந்து குழாயின் கழுத்தில் ஒன்று வைத்தேன். சொட்டு நின்றுவிட்டது.

திரும்பி வந்தவர் பார்த்துவிட்டு, "பாத்தியா, எண்ணெய் ஊறினதும் சரியாயிடுச்சு" என்றார்.

ஆமாங்க என்றேன். குடும்பம் நடத்த வேண்டாமா?

மார்ச் 5, வியாழன்

டைரி புதுசு. மாமனார் யார் என்று சொல்லி வைத்துவிடுகிறேன், பிறகு குழம்பாதே.

நிஜ மாமனார் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆயிற்று. ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர். காலுக்குக் கம்பளி சாக்ஸ் போடாமல் உள்ளே போக முடியாது. வீட்டு வாசலில் வந்து நின்று ஒரு தடவை தொண்டையைச் செருமினார் என்றால் உள்ளே எல்லாம் தானாக ஒழுங்காகிவிடும். பாத்திரம் கூட நேராக உட்காரும். அவர் விட்டுப்போன வலது கால் சாக்ஸில் முழுத் துணி சோப்பு ஒன்றைப் போட்டு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறேன். அதுதான் இப்போதைய மாமனார். அடித்தால் கீறல் விழாது, பள்ளம் விழாது. வலி மட்டும் போய்ச் சேரும். கட்டை விரல் பக்கம் ஒட்டுப் போட்டுத் தைத்திருப்பதால் வலது என்று தெரியும். இடது எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது.

இதுவரை அடங்கியவை: பீரோ, கிரைண்டர், பக்கத்துத் தெரு தையல்காரரின் ஷட்டர், ஒரு சைக்கிள், நாத்தனார் வீட்டு டிவி (அது மட்டும் அடிக்கடி).

மார்ச் 8, ஞாயிறு

மானம் போயிற்று. என்னுடையது இல்லை, இவருடையது. ஆனால் இரண்டையும் ஒரே வீட்டில்தானே வைத்திருக்கிறோம்.

நாங்கள் இரண்டு பேரும் வேலை பார்ப்பது ஒரே கலையரங்கத்தில். இவர் எலக்ட்ரீஷியன், நான் பெருக்கித் துடைக்கிறவள். மேலே தொங்குவதெல்லாம் அவர் ராஜ்ஜியம், கீழே விழுவதெல்லாம் என் ராஜ்ஜியம். இன்று பேச்சுப் போட்டிப் பரிசளிப்பு. மணி அடித்தது. விளக்கு அணைந்தது. மேடைத் திரை மேலே போனது. முழங்கால் உயரம் போய் நின்றேவிட்டது.

சபைக்குத் தெரிந்ததெல்லாம் வரிசையாகக் கால்கள். சிறப்பு விருந்தினருக்குத் திரை ஏறியது தெரியாது. மனுஷர் ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கால் கட்டை விரலால் இந்தக் காலைச் சொறிந்துகொண்டிருந்தார். சுகமாக, நிதானமாக. கடைசியில் அவர் திரைக்கு அடியில் குனிந்து தவழ்ந்து வெளியே வந்துதான் பேசினார். பேச்சின் தலைப்பு, 'தலை நிமிர்ந்து வாழ்வோம்'.

நான் துடைப்பத்தைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

பிறகு மேனேஜர் இவரைக் கூப்பிட்டுச் சொன்னதைக் கேட்டதும் சிரிப்பு நின்றது. "இருபத்தொண்ணாம் தேதி நாடகம் இருக்கு. அன்னைக்கும் இப்படி ஆச்சுன்னா மொத்த வேலையையும் வெளிக் கம்பெனிக்காரங்க கையில குடுத்துடுவேன். அவங்க ஆளை அனுப்புவாங்க. நீங்க வீட்ல ரெஸ்ட் எடுக்கலாம்."

ரெஸ்ட்டாம். இவருக்கு ஞாயிற்றுக்கிழமையே பிடிக்காது.

மார்ச் 9, திங்கள்

இவர் சாப்பிடவில்லை. திரை மோட்டாருக்குள் ரிலே என்று ஒரு சுவிட்ச், தீப்பெட்டி அளவுதான், அது ஒட்டிக்கொள்கிறதாம். பழைய மாடல். வெளியூரில் சொல்லி வைத்திருக்கிறார், எப்போது வரும் என்று தெரியாது.

"ஒரு தட்டு தட்டிப் பாக்கட்டுமா?" என்றேன்.

அவ்வளவுதான். எழுந்தேவிட்டார். "அடிச்சு சரி பண்றது சரி பண்றதே இல்ல. அது பயமுறுத்தறது!"

"பயந்தாவது வேலை நடக்குதுல்ல?"

"மறுநாள் மறுபடி நிக்கும். உள்ள என்ன வலின்னு கேக்கவே மாட்டே நீ. அந்த மோட்டார் பக்கம் உன் சாக்ஸைக் கொண்டு வராதே. சொல்லிட்டேன்."

சரி என்று சொன்னேன். மனதார.

மார்ச் 12, வியாழன்

நாத்தனார் ஓடி வந்தாள். "அண்ணி, டிவில மூஞ்சி எல்லாம் பச்சையா தெரியுது. எங்கப்பாவைக் கூட்டிட்டு வாங்க."

கூட்டிக்கொண்டு போனேன். முதல் அடியில் பச்சை போய் ஊதா வந்தது. இரண்டாவது அடியில் மனிதர்கள் மனிதர்களானார்கள்.

"உசுரோட இருந்தப்போகூட எங்கப்பா இவ்வளவு வீட்டு வேலை பாத்ததில்ல" என்றாள்.

மார்ச் 17, செவ்வாய்

மிக்சி. ஒரு அடி.

மார்ச் 19, வியாழன்

ரிலே வரவில்லை. நாடக வாத்தியார் ஒத்திகைக்கு வந்தார். பெரிய உடம்பு, பெரிய குரல், ராஜா வேஷம் அவருக்குத்தான். "திரை சரியா ஏறுமா ஐயா?" என்று இவரைக் கேட்டார். இவர், "ஏறும். கொஞ்சம் பொறுமையா ஏறும்" என்றார். வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்துத் துடைத்தேன்.

மார்ச் 21, சனி

எங்கிருந்து ஆரம்பிப்பது.

மாமனாரை நான் கொண்டுபோகவில்லை என்று எழுதலாம். பொய். துடைக்கிற வாளியில் ஈரத் துணிக்கு அடியில் படுக்க வைத்துக் கொண்டுபோனேன். வெறும் துணைக்கு.

அரங்கம் நிரம்பி வழிந்தது. மணி. இருட்டு. திரை ஏறியது. முழங்கால். நின்றது.

சிம்மாசனத்தில் ராஜா. சபைக்குத் தெரிந்தது அவருடைய கால்கள் மட்டும். அந்தக் கால்களில் நீல நிற குளியலறைச் செருப்பு! தங்க ஜரிகை வேட்டி, அதற்குக் கீழே ரப்பர் செருப்பு. மேடை இருட்டில் மாற்ற மறந்துவிட்டார் போல. முன்வரிசையில் ஒருத்தர் சிரிக்க ஆரம்பித்தார், அது பின்வரிசை வரை பரவிப் போனது. ராஜாவுக்கு ஏன் என்று புரியவில்லை. செருப்பு மட்டும் சந்தேகமாக ஒன்றையொன்று பார்த்துக்கொண்டது.

இவர் மோட்டார் பெட்டி முன்னால் மண்டியிட்டு, நெற்றியெல்லாம் வியர்வை, "கொஞ்சம் பொறு, கொஞ்சம் பொறு" என்று அதனிடம் கெஞ்சுகிறார். மேனேஜர் பின்னால் வந்து நின்றார். போனை எடுத்து யாரையோ கூப்பிட ஆரம்பித்தார். யாரை என்று எனக்குத் தெரியாதா?

எனக்குப் பொறுக்கல. என்ன பண்றது, பொறுக்கல. வாளியில கையை விட்டேன். இவரைத் தோளால இடிச்சுத் தள்ளிட்டு, தகரப் பெட்டி மேல வச்சேன் ஒண்ணு.

டம்ம்ம்!

அரங்கமே அதிர்ந்தது. திரை சர்ரென்று மேலே போனது. ராஜா அந்த நொடியில்தான், "யார் அங்கே!" என்று முதல் வசனத்தைச் சொன்னார். சபை இடி என்று நினைத்துக்கொண்டு கை தட்டியது.

அதோடு விட்டதா? பாதிக் காட்சியில் திரை தானாக இறங்க ஆரம்பித்தது. டம்ம்! ஏறியது. மந்திரி பேசும்போது இறங்கியது. டம்ம்! ராணி அழும்போது. டம்ம்! ராஜா கெட்டிக்காரர், மூன்றாவது இடிக்குள் விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு தடவையும் அண்ணாந்து பார்த்து, "வானமே, உனக்கும் கோபமா!" என்கிறார். சபை சொக்கிப் போயிற்று.

கடைசியில்தான் சோதனை. ராஜா செத்து விழுந்தார், திரை இறங்க வேண்டும். இறங்கவில்லை. அடித்தேன். இறங்கவில்லை. செத்த ராஜா ஒரு கண்ணைத் திறந்து என் பக்கம் பார்த்து, "அம்மா, மூக்கு அரிக்குது, சீக்கிரம் போடுங்க" என்று முனகினார். ஓங்கி ஒன்று போட்டேன். திரை வந்து அவர் தொப்பை மேல் உட்கார்ந்தது.

எழுந்து நின்று கை தட்டினார்கள்.

மேனேஜர் சிரித்துக்கொண்டே வந்தார். "உங்க வீட்டுக்காரர் இத்தனை நாளா ஸ்க்ரூடிரைவரை வச்சுத் தாலாட்டுப் பாடிட்டிருந்தாரு. நீங்க ஒரு சாக்ஸ்ல முடிச்சுட்டீங்க! இனிமே கம்பெனியும் வேண்டாம், எலக்ட்ரீஷியனும் வேண்டாம். உங்களுக்கு மாசம் ஒரு சோப்பு வாங்கிக் குடுத்தாப் போதும் போல!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நானும் சிரித்தேன். பிறகுதான் இவரைப் பார்த்தேன். துண்டில் அடுக்கியிருந்த திருகுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

மார்ச் 22, ஞாயிறு

பேசவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

இன்னும் பேசவில்லை. சண்டை என்றால் சமாளிப்பேன். சத்தத்துக்குச் சத்தம் எனக்கு வரும். இது பூட்டு.

பேச வேண்டியதை நாத்தனார் வழியாகச் சொல்கிறார். மூன்று பேரும் ஒரே அறையில்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

"உங்க அண்ணிகிட்ட சொல்லு, டீ ஆறிப்போச்சுன்னு."

"அண்ணி, டீ... கேட்டுச்சுல்ல? நான் வேற தனியா சொல்லணுமா?"

"உங்க அண்ணன்கிட்ட சொல்லு, டீயை அடிச்சு சூடு பண்ண முடியாதுன்னு."

நாத்தனார் சிரித்துவிட்டாள். இவர் உதடு கூட அசையவில்லை. அந்த ஆறின டீயையே குடித்துவிட்டுப் போனார்.

மார்ச் 26, வியாழன்

ரேடியோவின் ஒயரை நானே பிடுங்கி வைத்தேன். வந்து பார்த்தார், ஒட்டினார், போனார். ஒரு வார்த்தை இல்லை. கட்டில் காலைக் கழற்றி வைத்தேன். மாட்டினார். அலமாரிக் கதவைத் தொங்கவிட்டேன். நிமிர்த்தினார், கூடவே கீச்சென்ற சத்தத்தையும் போக்கிவிட்டார். இப்படியே போனால் வீடு புதுசாகிவிடும், புருஷன் மட்டும் பழுதாகவே இருப்பார்.

மனுஷனை எந்த இடத்தில் தட்டுவது? குழாய்க்குக் கழுத்து, டிவிக்கு முதுகு. இவருக்கு?

உள்ளே என்ன வலி என்று நான் கேட்கவே மாட்டேன் என்றாரே அன்றைக்கு. அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். மேனேஜர் சொன்னது விளையாட்டுப் பேச்சு இல்லை. நேற்றே சம்பளக் கிளார்க்கிடம், "எலக்ட்ரீஷியன் இல்லாமலேயே ஓட்டலாம் போலிருக்கே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். காதில் விழுந்தது. வேலையைக் காப்பாற்றத்தான் அடித்தேன். அடித்த அடியில் வேலைக்காரரே கழன்று விழப் பார்க்கிறார்.

மார்ச் 28, சனி

இன்று தையல்காரர்கள் சங்கக் கூட்டம். திரை இடுப்பு வரை ஏறி நின்றது.

மேனேஜர் நேராக என்னிடம் ஓடி வந்தார். "அம்மா, சாக்ஸ்! சாக்ஸ்!"

"மாமனார் குளிச்சிட்டிருக்கார் சார்."

"என்னது?"

"துவைச்சு வீட்ல கொடியில போட்டிருக்கேன். ஈரத்துல அடிச்சா ஷாக் அடிக்கும்."

வாளியில் ஈரத் துணிக்கு அடியில்தான் இருந்தார். 'நான் வரட்டுமா' என்று கேட்கிற மாதிரியே இருந்தது. என் உள்ளங்கை அரித்தது. இரண்டு கையையும் துடைப்பக் கட்டை மேல் வைத்து அழுத்திக்கொண்டேன். சும்மா நிற்பது இவ்வளவு கஷ்டமான வேலையா! இவர் தினமும் இதையா செய்கிறார்?

மேனேஜர் என்ன செய்தார் தெரியுமா. ஷூவைக் கழற்றினார். தன் சாக்ஸையே உருவி, மேசையிலிருந்த பேப்பர்வெயிட்டை அதில் போட்டுச் சுழற்றினார். சாக்ஸில் ஓட்டை. பேப்பர்வெயிட் நுனி வழியாகப் பிய்த்துக்கொண்டு பறந்து, மேடை மணியில் போய் டணார் என்று மோதியது. கூட்டம் முடிந்துவிட்டது என்று நினைத்துப் பாதிப் பேர் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

ஒற்றைக் காலில் ஷூவோடு நின்றுகொண்டு மேனேஜர் இவரைக் கூப்பிட்டார். "நீங்களே வந்து பாருங்க. அந்தப் பார்ட் எங்க கிடைக்கும்? நம்பர் குடுங்க, நானே பேசறேன்."

இவர் வந்தார். பெட்டியைத் திறந்தார். நிதானமாக, நகம் வெட்டுகிற மாதிரி. திரை இறங்கி, பிறகு ஏறியது. போகும்போது என் வாளியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் நாத்தனார் கேட்டாள், "அண்ணி, கொடியில சாக்ஸைக் காணோமேன்னு அண்ணன் கேக்கறார்."

"காத்துல பறந்திருக்கும்னு சொல்லு."

சமையலறையிலிருந்து ஒரு செருமல் சத்தம். அசல் எங்கள் மாமனார் மாதிரியே. கையிலிருந்த தட்டை நேராக வைத்தேன்.

ஏப்ரல் 1, புதன்

ரிலே வந்துவிட்டது. மேனேஜர் பேசினதில் பறந்து வந்திருக்கிறது. தீப்பெட்டி அளவுதான். இதற்கா இவ்வளவு?

ஏப்ரல் 4, சனி

மாட்டிவிட்டார். கூடவே மோட்டாரின் பழைய தகர மூடியையும் எடுத்துவிட்டுப் புது மூடி. திரை மேலே போகிற சத்தமே கேட்கவில்லை. நிற்கச் சொன்ன இடத்தில் நிற்கிறது. மேனேஜர் எல்லார் முன்னாலும் இவர் கையைப் பிடித்து, "நீங்க இல்லாம இது ஆகாது" என்றார். கம்பெனிக்காரர்களுக்குப் போன் போட்டு வேண்டாம் என்றும் சொல்லிவிட்டாராம்.

நான் கைதட்டலாம் என்று பார்த்தேன். துடைப்பம் கையில் இருந்தது, அதனால் துடைப்பத்தைத் தட்டினேன். பார்த்தார். சிரித்தாரா இல்லையா? சிரித்த மாதிரி இருந்தது. விளக்கு வெளிச்சம் கண்ணில் அடித்தது, நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

ஏப்ரல் 6, திங்கள்

டீ நன்றாயிருக்கிறது என்று நாத்தனாரிடம் சொன்னார். நாத்தனார் ஊருக்குப் போயிருக்கிறாள்.

ஏப்ரல் 9, வியாழன்

நாடக வாத்தியார் வந்து குதித்தார். சனிக்கிழமை நாடகத்தை மறுபடி போடுகிறார்கள். ஒத்திகையில் திரை அழகாக ஏறியது, அழகாக இறங்கியது. மனுஷருக்கு முகம் விழுந்துவிட்டது.

"இடி எங்கே?"

"அது பழுதுங்க. சரி பண்ணியாச்சு" என்றார் இவர்.

"சரி பண்ணிட்டீங்களா! இடியைக் கேக்கத்தான் ஜனங்க மறுபடி டிக்கெட் வாங்கியிருக்காங்க. இடி இல்லாம ராஜா எப்படிச் சாவான்? சும்மா படுத்தா தூங்கறான்னு நினைப்பாங்க!"

நான் அடுத்த ஊர்வரை பெருக்கிக்கொண்டு போய்விட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் இவர் கருவிப் பெட்டியைத் திறந்தார். எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைத்தார். அடியில் டெஸ்டரைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் என்னவோ. டெஸ்டரை உருவிவிட்டு அதை மேசையில் என் முன்னால் வைத்தார்.

கம்பளி சாக்ஸ். இடது.

இத்தனை வருஷமாக இவரிடமா இருந்தது!

"அப்பாவோடது" என்றார். என்னிடம். நேராக என் முகத்தைப் பார்த்து. "சோப்பு எது போடுவே? நீலமா, மஞ்சளா?"

சாக்ஸை எடுத்துத் தடவிப் பார்த்தேன்.

"மஞ்சள்" என்றேன். "நீலம் சீக்கிரம் உடைஞ்சுடும்."

"ம்." எழுந்து போய் மஞ்சள் சோப்பை எடுத்து வந்தார். உள்ளே போட்டு, இரண்டு சாக்ஸையும் இரண்டு கையில் தூக்கி எடை பார்த்தார். பிறகு சோப்பை வெளியே எடுத்து ஓரத்தைக் கத்தியால் கொஞ்சம் சீவினார். மறுபடி எடை பார்த்தார். மறுபடி சீவினார்.

நான் பொறுத்துக்கொண்டிருந்தேன். கேட்டுக்கொள், டைரி. நான்.

ஏப்ரல் 11, சனி

பழைய தகர மூடியை இரண்டாக வெட்டி, மேடையின் இரண்டு பக்கமும் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார் இவர். வலது பக்கம் நான், இடது பக்கம் இவர். ராஜா அண்ணாந்து பார்த்தார். இவர் அந்தப் பக்கத்திலிருந்து எனக்குக் கையைக் காட்டிக் 'கொஞ்சம் பொறு, கொஞ்சம் பொறு' என்றார். பிறகு தலையை ஆட்டினார்.

என் பக்கம் டம்ம்ம். இவர் பக்கம் டிங். இடி மாதிரி இல்லை, கதவைத் தட்டி 'உள்ளே வரலாமா' என்று கேட்கிற மாதிரி. சபை சிரித்தது. இவர் தகரத்தைப் பார்த்தார். சட்டைக் கையை மடித்துவிட்டார்.

ராஜா சாகும்போது இவர் போட்ட போட்டில் கயிறு அறுந்து தகரம் மேடையில் உருண்டது. செத்த ராஜா துள்ளி எழுந்து மறுபடி செத்தார். கைதட்டல் நிற்கவேயில்லை. ராஜா இன்றைக்கும் அதே நீலச் செருப்புத்தான். வேண்டுமென்றே.

நடந்தே வீட்டுக்கு வந்தோம். பையை அவர்தான் தூக்கி வந்தார்.

குளியலறைக் குழாய் மறுபடி சொட்டிக்கொண்டிருந்தது. நான் எழுந்தேன்.

"கொஞ்சம் பொறு" என்றார். பையைத் திறந்து, இடது கால் சாக்ஸை எடுத்துக்கொண்டு அவரே உள்ளே போனார்.

சத்தம் கேட்டது. நல்ல சத்தம், குறை சொல்ல முடியாது. அப்புறம் தண்ணீர்ச் சத்தம். நிறையத் தண்ணீர்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. வாளி கொண்டா."